மாறிப் போன பென்டிரைவ்

என் கொழுந்தன் மனைவி சுதா ஒரு பழைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாகத் தானே லினக்ஸ் ஏற்றி ஓட வைத்ததிலிருந்து, கிழக்கேகோட்டையில் இருக்கும் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. "நம்ம சுதா மிடுக்கியாக்கும். கடைக்காரன் ஆகாதுன்னு சொன்னத ஓட வச்சிட்டாளே!" என்று வருகிறவர்களிடமெல்லாம் மாமியார் சொன்னார். இங்கே கெட்டிக்காரியை மிடுக்கி என்பார்கள். இத்தனை வருஷத்தில் என்னை ஒரு தடவைகூட அவர் அப்படிச் சொன்னதில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

சுதா வேலைக்குப் போயிருந்த ஒரு மதியம், நானும் என் லேப்டாப்பில் லினக்ஸ் போடத் துணிந்தேன். அதற்கு முதலில் ஒரு பென்டிரைவில் லினக்ஸை எழுதித் தயார் செய்ய வேண்டும். புது பென்டிரைவோடு, என் ஃபைல்களை நகலெடுத்து வைக்க, நாத்தனார் கல்யாண வீடியோ இருந்த பென்டிரைவையும் செருகியிருந்தேன். 'இதில் உள்ள எல்லாம் அழிந்துவிடும்' என்று எச்சரிக்கை வந்தது. எந்த பென்டிரைவ் என்று பார்க்காமலே ஓகே கொடுத்தேன். முடிந்தபின் பார்த்தால், புதியது அப்படியே காலியாக இருந்தது. கல்யாணம்தான் போயிருந்தது.

வேறு வழியில்லாமல் சுதாவிடமே சொன்னேன்.

"பயப்படண்டாம் அக்கா, எனக்க லேப்டாப்பில ஒரு காப்பி உண்டு" என்றவள், அதே பென்டிரைவில் வீடியோவைத் திரும்பப் போட்டு அலமாரியில் வைத்துவிட்டாள். மாமியாரிடம் மூச்சு விடவில்லை.

இப்போதெல்லாம் மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, அழிக்க வேண்டியதை மட்டுமே செருகுகிறேன். பொறாமைக்குத்தான் வழி தெரியவில்லை. முன்பு அவளுடைய கெட்டிக்காரத்தனத்தின் மேல் மட்டும் இருந்தது. இப்போது அவளுடைய நல்ல மனசின் மேலும் வந்துவிட்டது.

- ஒரு வாசகி, திருவனந்தபுரம்