கண்ணாடியைப் பார்த்துக் கண்ணடித்தவர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், ராயபுரத்து போட்டோ ஸ்டூடியோ ஒன்றில் அந்த மீன்காரம்மாவைப் பார்த்தேன். கூடையை வாசலில் இறக்கிவிட்டு நேரே ஆளுயரக் கண்ணாடி முன் போய் நின்றார். கொண்டையில் கனகாம்பரத்தைச் சொருகினார். தன்னைப் பார்த்தே கண்ணடித்து, "சோக்காத்தான் கீறே!" என்றார். தன்னைத்தானே இப்படிக் கொஞ்சுகிறவரை நான் கண்டதே இல்லை! கண்ணாடியில் தெரிந்த அந்த முகத்தை விட்டு என் பார்வை நகரவில்லை.

நான் வந்தது, பெண்வீட்டாருக்கு அனுப்பப் படம் எடுக்க. என் அம்மைத் தழும்புகளை நெகட்டிவில் பென்சிலால் தீட்டி மறைத்துவிடும்படி ஸ்டூடியோக்காரரிடம் மெதுவாகக் கெஞ்சினேன். அது மீன்காரம்மா காதில் விழுந்துவிட்டது.

"இன்னா நைனா, இதுக்கா மூஞ்ச தொங்கப்போட்டுகினு கீறே? எனக்குந்தான் கீது."

நிமிர்ந்து பார்த்தேன். நெற்றி, கன்னம், மூக்கு நுனி, எங்கும் தழும்பு! என்னுடையதைவிட ஆழம்.

"உனக்கும் மறைச்சுடட்டுமாம்மா?" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"கைய வச்சே, பேஜாராப் பூடும்! அம்மையையே கெலிச்சுகினு வந்த மூஞ்சி இது. அப்புடியே எடு."

படத்துக்கு யாரும் சிரிக்காத காலம் அது. அவரோ பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்த ஸ்டூடியோக்காரரும் சிரித்துவிட்டார். எனக்குக் கைதட்டவேண்டும் போல இருந்தது!

ஒன்றுதான் இன்றுவரை விளங்கவில்லை. யார் எதிரே வந்தாலும் முதலில் தழும்பைத் தேடுகிற கண் என்னுடையது. அவர் சொல்லும்வரை அந்தக் கண் எங்கே போயிருந்தது?