சனிக்கிழமைச் சம்பளமும் போலந்துக் கணக்கும்

“...அதே லேத்துதானுங்ணா, அதே எட்டு மணி நேரம். ஆனா போலந்துல நம்ம சம்பளத்தப் போலப் பதினாறு மடங்கு! போன்லயே கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்” என்றான் சண்முகம்.

காலை 9.10. கோவை காந்திபுரத்தில் சத்தியமங்கலம் பஸ் அப்போதுதான் நகர்ந்தது. பவானி ஆற்றில் ஒரு குளியல் போட வேண்டுமென்று ஓசூரிலிருந்து வந்திருந்தேன். பீளமேட்டுப் பட்டறையில் பதினோரு வருடம் என் பக்கத்து லேத்தில் நின்றவன் அதே பஸ்ஸில் இருந்தான். ஆளுக்கு ஐம்பத்தைந்து ரூபாய் டிக்கெட்டை அவனே எடுத்தான். சத்தியில் பன்னிரண்டு மணிக்கு ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்கப் போகிறானாம். கொடுத்துவிட்டால் இரண்டு வருடம் போலந்து; நடுவில் லீவு கிடையாது.

“பாப்பா என்ன சொல்றா?”

“எட்டாவது போறாளுங்ணா. ரெண்டு நாளா எங்கூடப் பேசறதில்ல.” சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சரவணம்பட்டியின் கண்ணாடிக் கட்டடங்கள் போய், கோவில்பாளையம் தாண்டி, 10.05க்கு அன்னூர். கோவையிலிருந்து முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் காற்று மாறிவிடுகிறது. எனக்குப் பழைய சனிக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. ஆறு மணிக்குச் சம்பளக் கவர் கைக்கு வரும். எண்ணெய் போகக் கை கழுவுமுன்பே பிரித்துப் பார்ப்போம். பேக்கரியில் தேங்காய் பன், வீட்டுக்கு ஒரு முழம் பூ, ஞாயிறுக்குக் கறி. இப்போது ஓசூர் கம்பெனியில் மாதம் முப்பத்தெட்டாயிரம் பேங்கில் விழுகிறது. விழுகிற சத்தமே கேட்பதில்லை.

10.40, புளியம்பட்டி. “பத்து நிமிசம் நிக்கும், டீ குடிக்கறவங்க குடிச்சுக்குங்க!” என்றார் கண்டக்டர். டீ பதினைந்து ரூபாய். போனைக் காட்டச் சொன்னேன். இரண்டு நாட்டுச் சம்பளத்தை ஒப்பிட்டுச் சொல்லும் ஆப்; வேலை, நாடு, சம்பளம் என்று வரிசையாகக் கட்டங்கள்.

“உன் சம்பளம்னு எவ்வளவு போட்ட?”

“ஆறாயிரத்தி ஐநூறுங்ணா.”

“அது வாராவாரம் சனிக்கிழமைக் கவர்ல வர்றதுதானப்பா?”

“ஆமாங்ணா. வேற எதப் போடறது?”

பட்டறைக்காரனுக்குச் சம்பளம் என்றால் சனிக்கிழமைதான். மாதம் என்பது வீட்டு வாடகைக்கும் பால்காரருக்கும் மட்டும். நான் பட்டறையிலேயே இருந்திருந்தால் அதைத்தான் போட்டிருப்பேன்.

“கண்ணு, இந்தக் கட்டம் மாசச் சம்பளத்தக் கேக்குது.”

நாலால் பெருக்கி இருபத்தாறாயிரம் என்று திருத்தினேன். பதினாறு மடங்கு நாலானது. அங்கே ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் ஏஜெண்ட் சொன்ன தொகையைக் கழித்தால், இரண்டுக்குக் கொஞ்சம் மேலே.

சண்முகம் டம்ளரை வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தான். “டீ ஆறறதுக்குள்ள என் சம்பளத்த நாலு மடங்கு ஏத்திப்போட்டீங்களேங்ணா! எம் மொதலாளிகூட இப்படிச் செஞ்சதில்லீங்க.”

பிறகு சிரிப்பு நின்றது. “பதினாறுன்னா புள்ளையப் பாக்காம பல்லக் கடிச்சுட்டு இருந்துபோடலாமுங்க. ரெண்டுக்கு ஆகாதுங்ணா.”

“இன்னும் ஒரு தடவ யோசிச்சுக்க. ரெண்டு மடங்கும் சும்மா இல்ல.”

“ஓசூர் போயி உங்களுக்கும் சம்பளம் ஏறுச்சுதானுங்க? நல்லா இருக்கறீங்களா?”

டீக்காசை எடுத்துக் கொடுத்தேன். கண்டக்டர் விசில் அடித்தார். நான் படியில் கால் வைத்தேன். சண்முகம் ஏறவில்லை. எதிர்ப்பக்கம் கோவை பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. போனைக் காதில் வைத்து மனைவியிடம், “பாப்பா பள்ளிக்கூடம் உட்டு வந்ததும் எங்கியும் போகாம இருக்கச் சொல்லு அம்மணி, நான் வாரேன்” என்றபடியே, அந்தப் பஸ்ஸுக்குக் கையை நீட்டிக்கொண்டு ரோட்டின் குறுக்கே ஓடினான்.