தானியேலின் கைநடுக்கம்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, நன்றி சொல்லத்தான் நிற்கிறேன். ஆனால் என் மகன் தானியேலைப் போலீஸார் அடித்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் நன்றி சொல்வேன்.

அவனுக்கு இருபத்திரண்டு வயது. கல்லூரியில் படிக்கும்போது மனநோய் வந்தது. மருந்தைத் தவறவிடுவதில்லை. அந்த மருந்தால் கை நடுங்கும், நாக்கு குழறும்.

சென்ற நவம்பரில், இரண்டாம் செவ்வாய்க்கிழமை. மாத்திரை வாங்கப் பாப்பாரப்பட்டியிலிருந்து தர்மபுரிக்குப் போனவன், திரும்பும்போது பேருந்து நிறுத்தத்தில் தனக்குத்தானே பேசிக்கொண்டு நின்றிருக்கிறான். ரோந்து வந்தவர்கள் பெயர் கேட்டார்கள். பதில் தாமதமானது. கையைப் பார்த்தார்கள். கஞ்சா என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

செய்தி தெரிந்து நான் காவல் நிலையத்துக்குப் போனபோது சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தான். கெண்டைக்காலில் லத்தித் தடம்.

"மாத்திர சாப்புடற பையனுங்க சார். அதனாலதாங்க கை நடுங்குது."

"கஞ்சா குடிக்கிற அத்தன பேரும் இதத்தான்யா சொல்றானுங்க" என்றார் ஏட்டு. "ராத்திரி லாக்கப்ல கெடக்கட்டும், தெளிஞ்சிரும்."

மருத்துவர் சீட்டை நீட்டினேன். யாரும் வாங்கவில்லை. மனநோயாளியை லாக்கப்பில் வைக்கக் கூடாது, மருத்துவமனைக்குத்தான் அழைத்துப் போக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. படித்தவன் என்பதால் சொன்னேன். "வக்கீல் சார் வந்துட்டாருடோய்" என்று சிரித்தார்கள்.

ஒரு வேளை மருந்து தவறினாலே அவனுக்கு ஏதேதோ குரல்கள் கேட்கும். அந்த இரவை அவன் எப்படித் தாங்குவான்? வாசலுக்கு வந்து ஜெபித்தேன். ஜெபம் என்ன, சண்டைதான். "ஆண்டவரே, கண்ணுள்ள ஒருவரையாவது இங்கே அனுப்பும்!"

வெளிப் பணி முடிந்து ஒரு பெண் காவலர் வந்தார். மருத்துவமனையின் மனநலப் பிரிவு வரிசையில் பார்த்த முகம். அங்கே துப்பட்டாவால் பாதி முகத்தை மூடியிருப்பார். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார். என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார் என்றே நினைத்தேன். தானியேலின் காலைப் பார்த்தார். நேராக ஏட்டிடம் போனார்.

"சார், என் தம்பிக்கும் இதே மாத்திரதான். அவனுக்கும் கை இப்பிடித்தான் ஆடும்."

"உன் தம்பி பெங்களூர்ல வேலைன்னு சொன்னியேம்மா?"

"பொய் சொன்னேன் சார்."

யாரும் சிரிக்கவில்லை. ஏட்டு கையை நீட்டிச் சீட்டை வாங்கிப் படித்தார். "கூட்டிட்டுப் போய்யா" என்றார்.

தானியேலை அந்தப் பெண் காவலர்தான் எழுப்பிவிட்டார். "அக்கா, தம்பி மாத்திர போட்டானா?" என்று கேட்டான் என் மகன். அவர் அழுதுவிட்டார்.

என் ஜெபம் கேட்கப்பட்டது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஆனால் ஒரு பிள்ளையை லாக்கப்பில் போடாமல் விடுவதற்குக்கூட அவரே ஆள் அனுப்ப வேண்டுமா? சட்டம் எதற்கு, சீருடை எதற்கு? மேலதிகாரியிடம் புகார் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. விடமாட்டேன். ஜெபிக்கவும் செய்வேன், போய்க் கேட்கவும் செய்வேன்.

இதுவரை தானியேல் கடைசி வரிசையில்தான் உட்காருவான். நான்தான் அங்கே உட்கார வைப்பேன். இன்று முன்வரிசையில் இருக்கிறான். கை நடுங்குகிறது, நன்றாகப் பாருங்கள். உங்கள் வீட்டிலும் மறைத்து வைத்த பிள்ளை இருந்தால், ஆண்டவரை நம்பி அடுத்த ஞாயிறு அழைத்து வாருங்கள். தானியேல் பக்கத்தில் இடம் இருக்கிறது.