மனைவியின் நட்சத்திரத்துக்கு ஓர் அர்ச்சனை

எங்கள் வீட்டு வாசலால் உள்ளே வந்தால் இடது கைப்பக்கம் கதவு வைத்த ஒரு சின்ன அறை இருக்கிறது. பிக்கரிங்கில் இந்த வீட்டை வாங்கியபோது, கட்டிய கொம்பனி வரைபடத்தில் அதை அலுவலக அறை என்றுதான் போட்டிருந்தது. எங்கள் தெருவில் இருக்கும் தமிழ்ச் சனம் எல்லாரும் செய்தது போல நாங்களும் அதைச் சாமியறை ஆக்கினோம். பிள்ளையார், முருகன், லட்சுமி படங்கள், ஒரு வெள்ளி விளக்கு. கொரோனா வந்த வருடம் என் மனைவி அதற்குள் ஒரு மேசையைக் கொண்டுபோய் வைத்தாள். மகள் மேல்மாடியில் ஒன்லைன் வகுப்பில் இருந்தாள், பேஸ்மென்றில் குளிர், கதவைச் சாத்த வேறு இடமில்லை. "ஒரு மாசத்துக்குத்தானே அப்பா" என்று மனைவி என்னிடம் சொன்னாள். அதற்குப் பிறகு மகள் படித்து முடித்து வேறு நகரத்துக்கு வேலைக்கும் போய்விட்டாள். மேசை போகவில்லை.

மனைவிக்கு ஒரு காப்புறுதிக் கொம்பனியில் வேலை. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்கள், காரை மரத்தில் இடித்தவர்கள் எல்லாரும் அவளோடுதான் கதைக்க வேண்டும். எனக்கு ஸ்காபரோவில் ஒரு பாண் பக்டரியில் வேலை. விடிய நாலு மணிக்கு எழும்பி, பனிக்காலத்தில் காரைத் தோண்டி எடுத்து, ஐந்தரைக்கு மாவுக்கு முன்னால் நிற்பேன். ஊருக்குப் போடும் பாணை வீட்டில் இருந்து சுட ஏலாது. உலகமே வீட்டுக்குள் இருந்த காலத்திலும் நான் ஒரு நாள் தவறாமல் போனவன்.

பொறாமை எப்போது தொடங்கியது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நான் வெளிக்கிடும்போது போர்வைக்குள்ளிருந்து "பாத்துப் போங்கோ" என்று வரும் அந்த நித்திரைக் குரலில் தொடங்கியிருக்கலாம். பிற்பகல் மூன்று மணிக்கு மாவும் வியர்வையுமாக வந்தால் சப்பாத்தைக் கழற்றும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. சாமியறைக் கதவில் மஞ்சள் துண்டு ஒட்டியிருந்தால் உள்ளே மீற்றிங் நடக்கிறது என்று அர்த்தம். அப்போது கடுகு தாளிக்கக் கூடாது, மிக்சி போடக் கூடாது, தும்மல் வந்தால் மேலே ஓடிப்போய்த் தும்ம வேண்டும். கதவுக்குப் பின்னால் அவள் சிரிப்பது கேட்கும். என்னோடு சிரிக்கும் சிரிப்பு அது இல்லை. அங்கே ஓர் ஆண் குரல் உண்டு. அது இரண்டு சொல் சொன்னால் போதும், இவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அவர்களுடைய இங்கிலிசில் பாதி எனக்கு விளங்காது. விளங்காத பாதியில்தான் எல்லாம் நடக்கிறது என்று எனக்கு ஒரு நினைப்பு.

வெள்ளிக்கிழமைகளில் இன்னும் மோசம். முழுகிவிட்டு நாலு மணிக்கு விளக்குக் கொளுத்துவது என் வழக்கம். அதே நாலு மணிக்கு அவளுக்கு வாரக் கடைசி மீற்றிங். கமெராவில் படாமல் இருக்க வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்காலில் தவழ்ந்து போய், மேசைக்கு அந்தப் பக்கம் விளக்கை ஏற்றிவிட்டு, அப்படியே பின்பக்கமாகத் தவழ்ந்து வருவேன். ஒரு வெள்ளி, கற்பூரப் புகை கொஞ்சம் கூட எழும்பிவிட்டது. அந்த ஆண் குரல் ஏதோ கேட்டது. "இட்ஸ் ஒன்லி மை ஹஸ்பண்ட்" என்றாள் என் மனைவி. எல்லாரும் சிரித்தார்கள். நான் பிள்ளையாருக்கு முன்னால் நாலு காலில் நின்றுகொண்டிருந்தேன்.

பக்டரியில் என்னோடு மா குழைக்கும் அண்ணை ஒருவர் இருக்கிறார். அவருடைய மருமகனும் வீட்டில் இருந்து வேலை செய்பவன். பத்து மணித் தேத்தண்ணிக்கு எங்கள் இரண்டு பேருக்கும் வேறு கதையே கிடையாது.

"உது வேலையோடா தம்பி? லப்டொப்பைத் திறந்து வைச்சிட்டு உடுப்புத் தோய்க்கிறான்."

"எல்லாரையும் திருப்பிக் கூப்பிட வேணும் அண்ணை. அப்பத்தான் தெரியும், ரோட்டில இறங்கி வேலைக்குப் போறதெண்டால் என்னெண்டு."

"அவன் சொல்லுறான், வீட்டில இருந்தா வேலை கூட நடக்குதாம். ரெயினில போற ரெண்டு மணித்தியாலம் மிச்சமாம்."

"மிச்சம் பிடிச்ச ரெண்டு மணித்தியாலத்தை என்ன செய்யினம்? சோபாவில படுக்கினம்."

அண்ணை கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சிரிப்புக் கதையை ஒருமுறை அவரிடம் வாய்தவறிச் சொல்லியிருந்தேன்.

"உனக்கு உன்ர மனிசி வீட்டில இருக்கிறது பிரச்சினையோ, இல்லாட்டி சிரிக்கிறது பிரச்சினையோ?"

"ரெண்டும்தான்" என்றேன். அவர் பகிடி என்று நினைத்தார்.

அடுத்த ஞாயிறு கோயிலில் அர்ச்சனைச் சீட்டு ஒன்று வாங்கி ஐயரிடம் நீட்டினேன். மனைவியின் பெயரையும் உத்தரட்டாதி நட்சத்திரத்தையும் சொன்னேன்.

"என்ன காரியமா?"

பின்னால் வரிசையில் சனம். "உத்தியோகம், ஐயா."

"புரமோசனோ?"

"இல்லை ஐயா. அவவை ஒபிசுக்குக் கூப்பிட வேணும்."

"அதுக்கென்ன, அமோகமாக் கூப்பிடுவினம்" என்று சொல்லிவிட்டு ஐயர் மந்திரத்தைத் தொடங்கினார். வீட்டுக்கு வந்து அந்த விபூதியை நானே அவள் நெற்றியில் பூசினேன். "என்ன, இண்டைக்குப் பாசம் பொங்குது?" என்று கேட்டாள்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. நான் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே சாமியறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"கிழமைக்கு நாலு நாள் வரட்டாம். அடுத்த மாசத்தில இருந்து. நீங்கள் வரேக்க நான் வீட்டில இருக்கமாட்டன்."

எனக்கு முதலில் வந்தது சந்தோசம். அதற்குப் பின்னாலேயே பயம். நான் சும்மா பயப்படும் ஆள் இல்லை, தொழிலாகவே பயப்படுபவன். ஐயர் வாயால் நான் கேட்டதைக் கடவுள் அப்படியே தந்துவிட்டார், இனி அதற்கு என்ன விலை கேட்பாரோ?

அவள் அழவில்லை. யோசித்து வைத்திருந்தாள். எனக்குச் சீனி வருத்தம், இன்சுலின் போடுகிறேன். போன வருடம் வேலையால் வந்து கராஜுக்குள் சுகர் இறங்கி விழுந்துவிட்டேன். அவள்தான் காதில் ஹெட்செற்றோடு ஓடிவந்து, மீற்றிங்கில் இருந்தவர்கள் கேட்கக் கேட்க எனக்கு ஓறேஞ் யூஸ் பருக்கினாள்.

"உங்கட வருத்தத்தைச் சொல்லி எழுதிக் குடுத்தா வீட்டில இருந்து செய்ய விடுவினமாம். டொக்டரின்ர கடிதம் வேணும், வாற வெள்ளிக்கு முதல். உங்கட பக்டரிக்குப் பக்கத்திலதானே கிளினிக், வரேக்க எடுத்துக்கொண்டு வாங்கோ. மறந்திடாதேங்கோ அப்பா. எனக்கு இது பெரிய விசயம்."

புதன்கிழமை கடிதம் என் கையில் இருந்தது. கிளினிக் வாசலில் காருக்குள் இருந்து விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். இவரைத் தனியாக விட்டால் ஆபத்து, மனைவி பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அதில் நான் ஒரு கைக்குழந்தை மாதிரி இருந்தேன். வருத்தம் எனக்கு. ஊசி குத்துவது எனக்கு. அதைக் காட்டி வீட்டில் சூடாக இருந்து சிரிக்கப் போவது அவள். என் சுகரையும் கொண்டுபோய் அந்த ஆண் குரலுக்கு முன்னால் வைக்கப் போகிறாள். இப்படியெல்லாம் நினைத்தேன். நினைத்தேன் என்று எழுதவே இப்போது வெட்கமாக இருக்கிறது. கடிதத்தைக் காரின் முன் லாச்சிக்குள், கார்ப் புத்தகத்துக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

"டொக்டர் இன்னும் எழுதேல்லையாம்" என்று வீட்டில் சொன்னேன்.

"நான் போன் அடிச்சுக் கேக்கட்டோ?"

"நீர் மினக்கெடாதேயும். நான் நேரில போய்க் கேக்கிறன்."

வியாழன் அதையே சொன்னேன். வெள்ளி முடிந்தது. டொக்டரை நம்பினால் இப்படித்தான் என்று அவள் சொன்னபோது, ஓம் என்று தலையாட்டினேன்.

அவள் வேலைக்குப் போகத் தொடங்கினாள். காலையில் பஸ் எடுத்து, பிக்கரிங் ஸ்ரேசனில் ரெயின் ஏறி, டவுன்ரவுனுக்குப் போவாள். மாலை ஆறு பத்துக்கு நான் ஸ்ரேசனில் காரோடு நிற்பேன். வீட்டில் இருந்தவரைக்கும் அவள் எனக்குக் கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தாள். இப்போது புதுக் கோட்டும் புதுச் சப்பாத்துமாக, நாலைந்து பேரோடு கதைத்துக்கொண்டு படியால் இறங்கி வந்தாள். உயரமான ஒருவன் அவளுக்காகக் கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். இவன்தானோ அவன்? கார்க் கண்ணாடியில் ஆவி படிய, துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

மூன்று மணியில் இருந்து ஆறு மணி வரை வீடு என்னுடையது. விரும்பிய சத்தத்தில் கடுகு தாளித்தேன். யாரும் உஸ் என்று சொல்லவில்லை. கறி இறங்கியதும் அவளுக்குப் போன் எடுத்தேன். இரண்டாம் மணியிலேயே எடுத்தாள்.

"என்னப்பா? சுகர் இறங்கிட்டுதோ? கதைக்க ஏலுதோ? யூஸ் குடிச்சனீங்களோ?"

"இல்லை. சும்மா எடுத்தனான்."

"சும்மாவோ? நான் மனேச்சரைக் கதைச்சுக்கொண்டிருக்க விட்டிட்டு ஓடி வந்து நிக்கிறன்."

அன்றைக்கு வைத்துவிட்டேன். அடுத்த நாளும் எடுத்தேன். சுற்றிவர யாருடைய சத்தம் கேட்கிறது என்று பார்ப்பதற்குத்தான்.

மூன்றாம் கிழமை, ஸ்ரேசனில் இருந்து வரும் வழியில் அவள் தலையைச் சீற்றில் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "எனக்கு ஏலாமக் கிடக்கு. நாளைக்கு நானே டொக்டருக்குப் போன் அடிச்சு நல்லா ஏச்சுக் குடுக்கப் போறன்."

ஒரு கடைப் பிளாசாவுக்குள் காரைத் திருப்பி நிறுத்தி, லாச்சியைத் திறந்து, கடிதத்தை எடுத்து அவள் மடியில் வைத்தேன். மேல் விளக்கைப் போட்டுப் பார்த்தாள்.

"இது மூண்டு கிழமைக்கு முந்தின திகதி."

"ஓம்."

"உங்களிட்டத்தான் இருந்ததோ?"

"ஓம்."

"ஏன்?"

எத்தனையோ நாள் மனதுக்குள் வாதாடிய ஆள் நான். வாயில் வந்தது இதுதான்: "நீர் அங்க இருந்து சிரிக்கிறீர்."

"எங்க இருந்து?"

"சாமியறைக்குள்ள இருந்து."

அவள் என்னையே பார்த்தாள். "நாள் முழுக்க ஆக்களிட்டை ஏச்சு வாங்கிறன். வீடு எரிஞ்சவன் என்னைத்தான் ஏசுறான். அதுக்குள்ள ஒரு நிமிசம் சிரிச்சா உங்களுக்குப் பொறுக்கேல்லை."

எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்தேன். "கோயிலிலயும் கேட்டனான்."

"என்னத்தை?"

"உம்மை ஒபிசுக்குக் கூப்பிடச் சொல்லி. அர்ச்சனை."

"என்ர பேரிலயோ?"

"நட்சத்திரமும் சொன்னனான்."

வேறு நாளென்றால் சிரித்திருப்பாள். கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

அடுத்த நாள் ஆறு பத்துக்கு ஸ்ரேசனில் நின்றேன். அவள் இறங்கி வந்தாள், என் காரைப் பார்த்தாள், அதைத் தாண்டி நேரே போய் பஸ்சில் ஏறினாள். நான் என்ன செய்ய? பஸ்சுக்குப் பின்னால் போனேன். அது நின்ற தரிப்பிடமெல்லாம் நானும் நின்றேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். பஸ்சின் பின் கண்ணாடியில் அவள் தலை தெரிந்தது, ஒருமுறையும் திரும்பவில்லை. பக்கத்தில் இருந்த ஆள் யார் என்று மட்டும் பார்த்துக்கொண்டேன். ஒரு கிழவி. மூன்று நாள் இப்படிப் போனது.

நாலாம் நாள் உறைமழை கொட்டியது. காரின் முன் கதவைத் திறந்து ஏறினாள்.

"கடிதம் குடுத்திட்டன். திகதி முடிஞ்சுதாம். ஆறு மாசத்தால திருப்பிப் பாப்பினமாம்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் போவன். வேற என்ன செய்யிறது? நீங்கள் மூண்டரைக்குச் சுகர் பாத்து எனக்கு நம்பரை அனுப்புங்கோ. நம்பர் மட்டும். போன் எடுக்கிற வேலை வேண்டாம்."

"சரி."

"கேள்வியும் வேண்டாம்."

"சரி எண்டுறன்."

அவளுடைய போனில் ஏதோ செய்தி வந்தது. வாசித்தாள், உதட்டுக்குள் சிரித்தாள், போனைக் கைப்பைக்குள் போட்டாள். யார் என்ற சொல் என் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. கார்க் கண்ணாடியின் வைப்பரைக் கூட்டிவிட்டு வீதியைப் பார்த்து ஓட்டினேன்.

மறுநாள் மூன்றரைக்கு விரலில் குத்திப் பார்த்தேன். ஆறு தசம் இரண்டு, நல்ல அளவு. நம்பரை மட்டும் அனுப்பினேன். உடனே ஒரு பெருவிரல் படம் திரும்பி வந்தது. அதை அவள் அமத்தி அனுப்பும்போது பக்கத்தில் யார் நின்றிருப்பார்கள் என்று யோசித்தபடி, சாமியறையில் அவளுடைய வெறும் கதிரையில் ஆறு மணி வரை இருந்தேன்.