பதினோராம் அத்தியாயத்துக்கு முந்தைய பக்கம்

என் மேசையில் ஒரு பைண்டு புத்தகம் இருக்கிறது. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, சிவப்புக் காலிகோ துணியில் முதுகு வைத்து யாரோ தைத்தது. அதில் பதினோராம் அத்தியாயம் தொடங்கும் இடத்தில், தலைப்புக்குக் கீழே, எழுத்தாளர் நீல மையில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பழைய தாள் மையைத் தாங்கவில்லை. தாளைத் திருப்பினால் அந்தக் கையெழுத்து மறுபக்கத்தில் இடம் வலம் மாறிக் கசிந்திருப்பது தெரியும். என் மதினி உயிராக நினைத்தது கையெழுத்து உள்ள பக்கத்தை அல்ல, கசிந்த பக்கத்தைத்தான்.

மதினி என் அண்ணன் மனைவி. கல்யாணமாகி கோச்சடையில் எங்கள் வீட்டுக்கு அவள் வந்தபோது நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. மறுவருஷம் அவளுக்குக் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்து, இரண்டாம் நாளே போய்விட்டது. வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: வயசிருக்கிறது, அடுத்தது தங்கும், இதையே நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. குழந்தைக்கென்று பழைய வேட்டியைக் கிழித்து அவள் ஓரம் தைத்து வைத்திருந்த துணிகளை, கண்ணில் படக் கூடாதென்று அம்மா எங்கேயோ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். பரவை மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடையில் வேலை பார்த்த அண்ணனுக்கு, பொண்டாட்டியிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. ஒருநாள் டவுன்ஹால் ரோட்டு நடைபாதையில் இந்தப் பைண்டை வாங்கி வந்து அவள் பக்கத்தில் வைத்தான். ஏன் இதை வாங்கினாய் என்று கேட்டதற்கு, இருந்ததிலேயே இதுதான் கனமாக இருந்தது என்றான். வெங்காய மூட்டை பார்க்கிற கண்ணோடு புத்தகம் வாங்கிய ஆள் உலகத்திலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

அன்றிலிருந்து அந்த எழுத்தாளர் மதினியின் சொந்தக்காரர் ஆகிவிட்டார். லைப்ரரியிலிருந்து அவருடைய புத்தகங்களை ஒன்று விடாமல் எடுத்து வந்து படித்தாள். பின்னால் இரண்டு பிள்ளைகள் பிறந்து, அடுப்படியும் பள்ளிக்கூடமுமாக அலைந்த நாட்களிலும் படிப்பதை விடவில்லை. கல்லூரிக்குப் போன நாத்தனாருக்கு, அதாவது எனக்கு, அவரை அறவே பிடிக்காது. எல்லாம் காதல், கண்ணீர், கடைசியில் கல்யாணம். உங்க ஆளு இந்தத் தடவையும் நாயகியை மழையில் நனைய விட்டுட்டாரா என்று கேட்பேன். அவளும் சிரித்துக்கொண்டே, நனையட்டும், உனக்கென்ன என்பாள். ஒருநாள் நான் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். அப்படி என்னதான் இருக்கிறது அவரிடம் என்று கேட்டபோது, பைண்டை எடுத்து ஒரு பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தாள்.

பத்தாம் அத்தியாயம் முடிந்து, பதினொன்று தொடங்குவதற்கு முன்னால் இருந்த பக்கம் அது. பாதி வாக்கியத்தில் தொடங்கியது. பைண்டு போட்டவன் ஏதோ ஒரு தாளை விட்டிருப்பான் என்றாள் மதினி. கதையில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி கொல்லைப்புறத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் பெயர்கூட இல்லை. துக்கம் கேட்டவர்கள் எழுந்து போகிறார்கள். கடைசியாக அடுத்த வீட்டுக்காரி வருகிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை. மூலையில் கிடந்த பிள்ளைத் துணிகளை எடுத்து அலசி, கொடியில் போட்டுவிட்டுப் போகிறாள். சாயங்காலம் திரும்பி வந்து, காய்ந்த துணிகளை மடித்து இவள் மடியில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். அம்புட்டுதான் கதை. நான் படித்துவிட்டு நிமிர்ந்தபோது மதினி என்னைப் பார்க்கவில்லை.

"எல்லாரும் எடுத்து ஒளிச்சாங்க பாப்பா. இவரு ஒருத்தருதான் மடியில குடுத்தாரு" என்றாள்.

அதன் பிறகும் அவள் ஆளை நான் கேலி செய்யாமல் இல்லை. அந்தப் பக்கத்தை மட்டும் தொட்டதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் மதினிக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தது. அந்த நேரம் பார்த்து, தமுக்கம் மைதானத்தில் நடந்த புத்தகக் கண்காட்சிக்கு அந்த எழுத்தாளர் வருவதாகப் பேப்பரில் போட்டிருந்தார்கள். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்றாள். வேறு எதையும் அவள் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. சுங்குடிச் சேலை கட்டி, பைண்டை மஞ்சள் பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். அவருக்கும் நல்ல வயது. கூட்டத்துக்கு நடுவே அந்தப் பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்து, குழந்தை போனதையும் துணிகள் போனதையும் சொல்லி, நன்றி சொன்னாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுப் பக்கத்தையும் படித்தார். திரும்பவும் படித்தார். இங்கேயே கையெழுத்துப் போடுங்கள் என்று மதினி விரலை வைத்துக் காட்ட, அவர் மறுத்துத் தலையை ஆட்டினார்.

"இந்தப் பக்கத்துல போட எனக்கு மனசு வரலம்மா" என்று சொல்லிவிட்டு, தாளைத் திருப்பி மறுபக்கத்தில் போட்டுக் கொடுத்தார். எம்புட்டு அடக்கம் பாரு என்று ஆட்டோவில் வீடு வரும்வரை மதினி சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் அவ்வளவு நிறைவாக இருந்து நான் பார்த்த கடைசி நாள் அது.

போன வருஷம் ஆஸ்பத்திரியில், அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டச் சொன்னாள். பைண்டு உதிர்கிறதே என்று, அதே கதை நாவலாகப் புதிதாக அச்சானதை வாங்கிப் போயிருந்தேன். பதினோராம் அத்தியாயத்துக்கு முன்னால் தேடினேன். பின்னால் தேடினேன். புத்தகம் முழுக்கத் தேடியும் அப்படி ஒரு பக்கமே இல்லை. வீட்டுக்குப் போய்ப் பைண்டை எடுத்து வந்து அவள் கட்டிலருகே வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. தொடர்கதையின் தாளைக் கிழித்தால் அதன் மறுபக்கத்தில் இருப்பதும் கூடவே வரும். சமையல் குறிப்பு வரும், தைல விளம்பரம் வரும். அந்த வாரம் வந்தது, அதே இதழில் வேறு யாரோ எழுதிய சிறுகதையின் கடைசிப் பக்கம். எழுதியவர் பெயர் அந்தக் கதையின் முதல் பக்கத்தில் இருந்திருக்கும். அந்தப் பக்கம் என்றைக்கோ யார் வீட்டிலோ பொட்டலமாகப் போயிருக்கும். எழுத்தாளர் அன்று ஏன் தாளைத் திருப்பினார் என்பதும் புரிந்தது.

மதினியிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை. சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"ஒரு ஆம்பளைக்கு இதெல்லாம் எப்படித் தெரிஞ்சதுன்னு இத்தனை வருசமா நெனச்சுக்கிட்டே இருந்தேன் பாப்பா. இது பொம்பளை எழுதுனது. அவளுக்கும் ஒண்ணு போயிருக்கும்" என்றாள். பிறகு, "அவ மடியில யாரு வச்சிருப்பா?" என்று கேட்டாள். அப்போதுதான் அழுதாள்.

அவள் யாரென்று கண்டுபிடித்துச் சொல்லிவிடு என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள். அந்தப் பத்திரிகை நின்று வெகுகாலமாகிவிட்டது. லைப்ரரிகளில் விசாரித்தேன், அந்த இதழ் எங்கும் இல்லை. பதிப்பகத்தில் நம்பர் கேட்டு வாங்கி, எழுத்தாளருக்கே போன் செய்தேன். அவருக்கும் தெரியவில்லை. அது நான் எழுதியதில்லை என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம்தான், ஆனால் அந்தம்மா இத்தனை வருஷம் சுமந்துகொண்டு வந்ததை எங்கே போய் இறக்கிவைப்பார் என்று தோன்றியது, அதனால் அந்த நன்றியை நானே வாங்கி வைத்துக்கொண்டேன் என்றார். எழுதியவர் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள் என்றார். முதல்முறையாக எனக்கு அந்த மனிதரைப் பிடித்தது. இதைச் சொல்ல நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மதினிக்கு நினைவு இல்லை. காதருகே குனிந்து சொன்னேன். கேட்டதா என்று தெரியாது.

காரியம் முடிந்த அன்று வீடு நிறைய ஆட்கள். மதினியின் பொருள்கள் அண்ணன் கண்ணில் படக் கூடாதென்று, சேலைகளையெல்லாம் ஆளுக்கொன்றாகப் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல எண்ணத்தில்தான். அண்ணன் மாடிப்படியில் உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பையை யாரும் பிரிக்கவில்லை. அதில் அந்தச் சுங்குடிச் சேலை கசங்கிக் கிடந்தது. எடுத்துக்கொண்டுபோய் அலசி மாடியில் காயப்போட்டேன். சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு, மடித்து அண்ணன் மடியில் வைத்தேன்.

அண்ணன் அந்தப் புத்தகத்தில் ஒரு வரிகூடப் படித்ததில்லை. சேலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"அம்புட்டையும் எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சேன்த்தா" என்றான்.

பைண்டை எனக்குக் கொடுத்துவிட்டான். அவ்வப்போது அந்தப் பக்கத்தைப் பிரிக்கிறேன். பாதி வாக்கியத்தில் தொடங்கி, துணி மடியில் வந்து சேர்வதோடு முடிகிறது. மேலே எங்கும் பெயர் இல்லை. பின்பக்கத்திலிருந்து கசிந்த நீல மை மட்டும் இருக்கிறது. எழுதியவர் உயிரோடு இருக்கிறாரா, மதினி நினைத்த மாதிரி பெண்தானா, எதுவும் தெரியாது. அவரைக் கண்டால் மதினிக்காக ஒரு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போது எங்கள் அண்ணனுக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும்.