ஒன்று முதல் ஒன்பது வரை, எட்டு தவிர

என் அப்பா பரசுராமனை நல்லவர் என்று சாவு வீட்டில்கூட யாரும் சொல்லவில்லை. சரியான ஆள் என்றார்கள். அதையும் கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னார்கள்.

கணிதப் பட்டதாரி. வேங்கிக்காலில் அரசு வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் செங்கம் சாலைப் பக்கம் ஒரு விடுதி கட்டினார். வரிசையாக எட்டு அறைகள். பெயின்டர் வந்த அன்று அப்பா ஊரில் இல்லை. அம்மாவின் தம்பி வேணு மாமா பக்கத்தில் நின்று, ஏழுக்கு அடுத்து ஒன்பது என்று எழுத வைத்தார். எட்டு ராசியில்லை என்று ஜோசியர் அவரிடம் சொல்லியிருந்தாராம்.

திரும்பி வந்த அப்பா தின்னர் டப்பாவோடு அழிக்கப் போனார். முற்றத்தில் நின்று எல்லாக் கதவுகளையும் ஒரே எண்ணாகப் படித்தார். 12345679. டப்பாவைக் கீழே வைத்துவிட்டார்.

அதை ஒன்பதால் பெருக்கினால் 111111111. பதினெட்டால் பெருக்கினால் எல்லாம் இரண்டு. எழுபத்திரண்டால் பெருக்கினால் மாமா பயந்த எட்டு, ஒன்பது தடவை வரிசையாக வரும். இலக்கங்களின் கூட்டுத்தொகை 37; அந்த 37 மீதியில்லாமல் அதை வகுக்கும். ஒன்றை எண்பத்தொன்றால் வகுத்தாலும் இதே எண்தான், இடையிடையே ஒரு பூஜ்யத்தோடு, முடிவில்லாமல் வரும். இடத்துக்கு ஒன்றாக ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கிக்கொண்டே போகும் கணக்கு அது. பத்து ஓர் இடத்தில் அடங்காது. அதன் ஒன்று ஒன்பதில் ஏறும். ஒன்பது பத்தாகி, அதன் ஒன்று எட்டில் ஏறும். எட்டு ஒன்பதாகிவிடும்.

தங்க வந்தவர் யாராவது நல்லவேளை எட்டு இல்லை என்றால், அவருடைய பெட்டியை அப்பா தெருவில் கொண்டுபோய் வைப்பார். "கிரிவலம் போயி எட்டு லிங்கத்தையும் வெறுங்கால்ல கும்பிட்டுட்டு வர்றீங்க. கதவுல இருந்தா மட்டும் கடிக்குமா?"

போன மாதம் ஒன்பதாம் அறையில் கீசரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் இறந்தார். கருமாதிக்கு மறுநாள் மாமா கொத்தனாரோடும் செங்கல்லோடும் வந்தார். ஒன்பது என்று எழுதியிருந்தாலும் எண்ணிப் பார்த்தால் அது எட்டாவது அறைதானாம். அதுதான் ஆளைக் கொண்டுபோனதாம். சுவர் வைத்து மூடிவிட வேண்டுமாம். அம்மா முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள்.

நான் சர்க்யூட் சரிபார்க்கும் வேலையில் இருப்பவள். எனக்கு அழுகை வரவில்லை, கணக்குதான் வந்தது. கடைசிக் கதவு போனால் மிச்சம் 1234567. ஒன்பதால் பெருக்கினால் 11111103. வால் பிசகிவிடும். அதை மாமாவிடம் சொன்னேன்.

"ஆளே போயிட்டாரு. நீ பெருக்கிக்கிட்டு இருக்க, இனியா. அப்பன் புத்தி அப்படியே."

"நீங்க எழுத வெச்சப்ப ஒம்போதா இருந்துச்சே மாமா. இப்ப எப்படி எட்டாச்சு?"

கொத்தனார் சிரித்துவிட்டார். மாமா அவரை முறைத்துவிட்டுக் கலவை போடச் சொன்னார்.

அம்மா எழுந்தாள். ஒன்பதாம் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். மாமா கதவைத் தட்டினார், கெஞ்சினார், பிறகு கத்தினார்.

உள்ளேயிருந்து அம்மா சொன்னாள்: "இனிமே நான் இந்த ரூம்லதான் இருப்பேன். மூடறதுன்னா என்னையும் சேத்து மூடு."

செங்கல்லைத் திரும்ப வண்டியில் ஏற்றக் கொத்தனாருக்கு நான் கை கொடுத்தேன். மாமா தொடவில்லை.