கடைசிக் கருவுக்காக நான் வாதாடியது

அக்காவுக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு கரு. மருத்துவமனையில் உறைநிலையில் இருந்தது. முன்பு இரண்டு கருக்களை வைத்தும் கருப்பையில் ஒட்டவில்லை. மூன்றாவதையும் வைப்பதா, இத்துடன் நிறுத்துவதா என்பதே கேள்வி.

விவாத மேடையில் நான் தோற்றது அரிது. அதை மறைக்கும் அடக்கமும் எனக்கில்லை. ஆகவே டாக்டரிடம் அக்காவுக்குத் துணையாக நானே போனேன். கிருமிகளை எதிர்க்க வேண்டிய புரதங்கள் அவளுக்குள் சொந்த உடலையே எதிர்த்து, இரத்தத்தை வேண்டாத இடத்தில் உறையவைக்கின்றன. கரு வேரூன்றுவதை அது தடுக்கக்கூடும் என்றார் டாக்டர். உறைதலைத் தடுக்க ஊசி உண்டாம். அக்கா இரத்தம் கொடுக்கப் போயிருந்தபோது, ஊசி போட்டால் கரு ஒட்டுமா என்று கேட்டேன். டாக்டர் மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்:

"கர்ப்பம் ஆனா கலையாம இருக்க அது சகாயிக்கும். ஒட்டறதுக்கே உதவும்னு உறப்பு சொல்ல முடியாது, நிச்சயமில்லை, கேட்டோ."

விவாதத்துக்கு ஆயத்தமாகையில் ஒவ்வொரு கருத்தையும் தனி அட்டையில் எழுதுவேன். எதிரணிக்கு உதவும் அட்டையை மேடைக்குக் கொண்டுபோவதில்லை. டாக்டர் சொன்னதையும் அன்று அப்படித்தான் பிரித்தேன்.

கோட்டைக்குள்ளிருக்கும் எங்கள் வீட்டில், அக்காவின் கணவர் அத்திம்பேரும் அம்மாவும் கேட்டிருக்க, காரணம் தெரிந்துவிட்டது, மருந்தும் இருக்கிறது, இனித் தயங்குவது கோழைத்தனம் என்று முழங்கினேன். டாக்டரின் ஐயத்தைச் சொல்லவில்லை.

"எனக்கு மதியாச்சுடீ, போதும்," என்றாள் அக்கா. "இங்கே ஜெயிச்சா கப்பு ஒண்ணும் கிடைக்காது, கேட்டியா?"

"உன் தங்கை சொல்றது சரின்னுதான் படறது," என்றார் அத்திம்பேர்.

அக்கா எங்கள் முகங்களைப் பார்த்தாள். ஒப்புக்கொண்டாள்.

தினமும் காலையில் அத்திம்பேர் அவள் வயிற்றில் ஊசி போட்டார். தொப்புளைச் சுற்றி நீலமும் மஞ்சளுமாக இரத்தக்கட்டு படர்ந்தது. கருவை வைத்த பிறகு இரண்டு வாரம் அக்கா மெதுவாகவே நடந்தாள், தும்மக்கூட அஞ்சினாள். இரத்தச் சோதனை முடிவு அத்திம்பேரின் போனுக்கு வந்தது. இல்லை.

அவள் அழவில்லை. மிஞ்சிய ஊசிகளை அலமாரியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அந்தக் கருவை ஆஸ்பத்திரியிலேயே விட்டிருந்தா, இருக்குன்னாவது நினைச்சுண்டு இருந்திருப்பேன். டாக்டர் உறப்பாத்தானே சொன்னார்?"

ஆமென்றேன். ஊசிகளை ஒரு பையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள், முகத்தை நிமிர்த்தவில்லை. அவளிடம் நான் சொன்ன எதையும் அதற்குமுன் அவள் அவ்வளவு எளிதாக நம்பியதில்லை.